நூறுக்குக் கீழே இறங்காத ஏரி

ஊரில் அவளை எல்லோரும் மிக்ஸி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டில் மிக்ஸியே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. இருபது வருடமாக ஆபீசில் அதன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள், வீட்டுக்கு வந்தும் அதையே கேட்க வேண்டுமா? அவள் புருஷன் தையற்காரர். "எல்லாரும் வீட்டுல அரைச்சிட்டு ஆபீசுல போய் உக்காருவாங்க. இவ ஆபீசுல அரைச்சிட்டு வீட்டுல வந்து உக்காருவா" என்று அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போய் வெங்காயம் நறுக்குவதும் அவர்தான்.

ஆபீசில் அவள் அரைத்தது மீன். ஏரிக்கரையில் இரண்டே அறையில் நடந்த மீன் பரிசோதனை நிலையம் அது. இருபது வருடத்துக்கு முன்னால் எங்கேயோ தொலைவில் ஓர் அணு உலை வெடித்தது. அந்தப் புகையைக் காற்று தூக்கிக்கொண்டு வந்தது. வழியில் எத்தனையோ ஏரி இருக்க, சரியாக இந்த ஏரிக்கு மேலே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர் ஏரியில் ஒரு பொட்டு விழவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் சாமர்த்தியம் போல இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள், அவர்களை விடுங்கள்.

மழையோடு சேர்ந்து இறங்கியது சீசியம் என்ற கதிர்வீச்சுச் சனியன். உடம்புக்கு வேண்டிய பொட்டாசியம் போல வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். மீனுக்கு வித்தியாசம் தெரியாது. சதையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு கிலோ சதைக்கு கதிர்வீச்சின் அளவு நூறு பெக்கரலுக்குக் கீழே இருந்தால்தான் மீன் விற்கலாம் என்று சட்டம். முதல் வருடம் ஆயிரத்து எண்ணூறு காட்டியது. உடனே ஏரியைப் பூட்டினார்கள். ஏரியை எப்படிப் பூட்டுவது என்று கேட்காதீர்கள். கரையைச் சுற்றி மஞ்சள் பலகை அடித்தார்கள், அவ்வளவுதான்.

அக்காவின் வேலை எளிதுதான், சுத்தமில்லாதது. மீனை எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். தோல், முள் எல்லாம் நீக்கிச் சதையை மட்டும் மிக்ஸியில் கூழாக அரைக்க வேண்டும். கூழை வட்டமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நடுவில் காற்று நிற்காமல் கரண்டியால் தட்டித் தட்டி அடைக்க வேண்டும். பிறகு டப்பாவை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூன்று மணி நேரம் காத்திருந்தால் இயந்திரம் எண்ணைச் சொல்லும். ஈயப் பெட்டியின் கதவு அவளைவிட இரண்டு மடங்கு கனம். கையால் தள்ளிப் பார்த்துத் தோற்றுப்போன பிறகு, இடுப்பால் இடித்து மூடப் பழகிக்கொண்டாள்.

எண் விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. இயந்திரம் நூற்று எழுபத்து மூன்று என்றால் நோட்டிலும் நூற்று எழுபத்து மூன்று. "நூத்தி எழுபதுன்னு போடு, பார்க்க நல்லா இருக்கும்" என்று ஒரு மேலதிகாரி சொன்னதற்கு, "பார்க்க நல்லா இருக்கணும்னா சுவத்துல படம் மாட்டுங்க சார்" என்று சொன்னவள். வயதைக் கேட்டால் மாதத்தையும் சேர்த்துச் சொல்வாள். பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தால் எல்லோரும் மூக்கு யாரைப் போல என்று பார்ப்பார்கள். இவள் தூக்கிப் பார்த்து, "மூணு கிலோ நூத்தம்பது இருக்கும்" என்பாள். சரியாகவும் இருக்கும். அதற்காக அவளை யாரும் மெச்சிக்கொண்டதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, மீனவன். ஏரியைப் பூட்டியபோது அவனுக்கு முப்பது வயது. படகை அப்போதுதான் புதிதாக வாங்கியிருந்தான். வேறு வேலை தேடி அலைந்து, கடைசியில் நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தான். நீளக் கம்பில் கட்டிய வலையால் தண்ணீரில் விழும் இலையையும் தலைமுடியையும் அள்ளி வெளியே போடுகிற வேலை. "நானும் தினமும் வலை போடத்தானே போறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் அப்படிச் சிரிக்கும்போது அக்காவுக்கு வயிறு எரியும். குளோரின் வாடை அவன் மேலேயே தங்கிவிட்டது. மீன் வாடைதான் மீனவனுக்கு அழகு என்று நினைக்கிற குடும்பம் அவர்களுடையது.

படகை அவன் விற்கவில்லை. வருடா வருடம் தார் பூசி, கவிழ்த்து வைத்து, ஏரி திறக்கட்டும் என்று காத்திருந்தான்.

முதல் பத்து வருடம் காத்திருப்பதில் அர்த்தம் இருந்தது. ஆரம்பத்தில் எண் தடதடவென்று இறங்கியது. ஆயிரத்து எண்ணூறு ஆயிரமாயிற்று, ஆயிரம் ஐந்நூறாயிற்று. அழுக்குத் தண்ணீர் வெளியேறி மழைத்தண்ணீர் உள்ளே வர வர, மீனும் தின்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டது. அப்புறம் வேகம் குறைந்தது. அடிச்சேற்றில் படிந்த சீசியம் புழுவுக்குப் போய், புழுவிலிருந்து சின்ன மீனுக்குப் போய், சின்ன மீனைத் தின்கிற பெரிய மீனுக்கு வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் பத்தாம் வருடம் நூற்று முப்பது வரை வந்துவிட்டது. தம்பி வலையைப் பிரித்துக் கிழிசல் தைக்க ஆரம்பித்தான்.

பதினொன்றாம் வருடம் இருநூற்று முப்பது.

அக்கா டப்பாவை மாற்றினாள், இயந்திரத்தைச் சரிபார்த்தாள், மறுபடியும் வைத்தாள். இருநூற்று முப்பதேதான். மனசு விட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு எண் இறங்கியது, ஆனால் கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கிற வரிசை மாதிரி நகர்ந்தது. எட்டு வருடம் கழித்துப் பார்த்தாலும் நூற்று ஐம்பத்தைந்தில்தான் நின்றது.

இதை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஏரிச்சேற்றை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போனார். இந்த ஏரியின் சேறு தனி ரகம், பதினொன்றாம் வருடம் அது ஏதோ காரணத்தால் கிளறப்பட்டு, உள்ளே இருந்த சீசியத்தையெல்லாம் கக்கிவிட்டது என்று முந்நூறு பக்கம் எழுதினார். டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். ஊரில் அவருக்குச் சேற்று டாக்டர் என்று பெயர். தங்கமான மனிதர், வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு பேனா கொண்டு வருவார்.

இருபதாம் வருடப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த வருடமும் நூறுக்கு மேல் இருந்தால் நிலையத்தை மூடிவிடுவார்கள். அடுத்த பரிசோதனை பதினைந்து வருடம் கழித்து. அக்காவுக்கு ஓய்வுபெற நான்கு மாதம்தான் இருந்தது, அவளுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு வயது ஐம்பது. பதினைந்து வருடம் கழித்து அறுபத்தைந்து வயதில் யார் வலையை இழுப்பது? கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டியபோது அவன், "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நீச்சல் குளத்துக்குப் போய்விட்டான். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

பூட்டிய ஏரியில் வருடத்துக்கு ஒரு நாள், பரிசோதனைக்காக மட்டும், முப்பது மீன் பிடிக்க அனுமதி உண்டு. முதல் பத்து வருடம் நிலையத்து ஆட்களே நிலையத்துப் படகில் போய்ப் பிடித்தார்கள். பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று ஆட்களைக் குறைத்து, படகை ஏலம் விட்டு, பிடிக்கிற வேலையைத் தம்பியிடம் கொடுத்தார்கள். அவன் பிடித்துப் பெட்டியில் போட்டுக் கரையில் வைப்பான், ஜீப் டிரைவர் எடுத்து வருவார், அக்கா அரைப்பாள். பிடிப்பது பல்லன் என்ற மீன். மற்ற மீனைத் தின்றே கொழுக்கிற ஜாதி.

அந்த வருடம் ஜீப் டிரைவருக்குப் பல்வலி. பெட்டியை எடுத்துவர அக்காவே கரைக்குப் போனாள்.

தம்பி படகைக் கரையில் முட்டவிட்டு, வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்றைப் பெட்டியில் போட்டான். அடுத்த இரண்டைத் தண்ணீரில் வீசினான். இன்னொன்றைப் பெட்டியில் போட்டான். மூன்றைத் தண்ணீரில் வீசினான்.

"ஏன்டா, அதை எதுக்குத் தண்ணியில போடுற?"

"பொடிசுக்கா. ஒரு சாண்கூட இல்ல."

"போன வருஷமும் இப்படித்தான் போட்டியா?"

"வருஷா வருஷம்தான்." அவன் பெருமையாகத் தலையைத் தூக்கினான். "ஆபீசுக்குக் குடுக்குற மீனுக்கா. பொடிசைக் கொண்டு வந்து குடுத்தா நாலு பேர் என்ன பேசுவான்? இவனுக்கு மீனே பிடிக்கத் தெரியல, அக்கா உள்ள இருக்கா, அதனால வேலை கிடைச்சுதுன்னு பேச மாட்டான்? நான் குடுத்ததுல ஒண்ணாவது மூணு கிலோவுக்குக் குறைஞ்சிருக்கா, சொல்லு!"

குறைந்ததில்லை. அவளுக்கே தெரியும். ஒன்பது வருடமாக அவள் கையாலேயே எடை போட்டு, அவள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறாள். மூன்று கிலோ இருநூறு, மூன்று கிலோ எழுநூறு, நான்கு கிலோ நூறு. எழுதினாளே தவிர, ஒரு நாளாவது யோசித்தாளா? முப்பதையும் சேர்த்து ஒரே கூழாக அரைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். நோட்டின் முதல் பக்கத்தில் 'வலையில் விழுந்த எல்லா அளவு மீன்களும்' என்று அச்சடித்திருக்கிறது. அதை அவள் தம்பிக்குப் படித்துக் காட்டவே இல்லை. மீன் பிடிக்கிறவனுக்கு மீனைப் பற்றி என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள்.

அவள் காலியான மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, மயக்கமா?"

"இங்க வா. பொடிசு எப்பப் பொறந்தது?"

"போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்."

"தண்ணி சுத்தமானப்புறம் பொறந்தது. அது இன்னும் பூச்சியையும் புழுவையும்தான் தின்னிருக்கும். பெரிசு எத்தனை வருஷமா இருக்கு? எத்தனை மீனைத் தின்னிருக்கும்? ஒவ்வொண்ணுகிட்ட இருந்ததும் பெரிசோட உடம்புலதானே வந்து சேரும்? நீ ஒம்பது வருஷமா ஏரியிலேயே அழுக்கான மீனாப் பார்த்துப் பொறுக்கிக் குடுத்திருக்கடா!"

தம்பிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் பாய்ந்து பெட்டியைத் தூக்கிப் பெரிய மீனையெல்லாம் தண்ணீரில் கொட்டப் போனான். "இப்பவே பொடிசா முப்பது பிடிச்சுத் தர்றேன்!"

அக்கா பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டின, கையை ஒடிச்சிடுவேன். அது திருட்டுத்தனம்."

"அப்போ ஒம்பது வருஷமா நான் பண்ணினது?"

"அது முட்டாள்தனம். அதுல எனக்கும் பங்கு உண்டு. விடு பெட்டியை."

நடந்ததை அப்படியே எழுதி அவள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். மறுபடியும் பிடியுங்கள், வலையில் வருகிற முதல் முப்பதையும் விடாமல் எடுங்கள், நிலையத்து ஆள் ஒருவர் படகில் இருந்து பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. சேற்று டாக்டரையும் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாகப் பக்கத்தில் வைத்தார்.

"அப்போ சேறு கக்கல?"

"கொஞ்சம் கொஞ்சமா கக்குறது உண்மைதான் சார். ஆனா அந்த வருஷம் திடீர்னு ஏறினது சேறு இல்ல. என் தம்பி."

"முந்நூறு பக்கம்மா."

"நல்ல கையெழுத்து சார்" என்றாள், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். அவரும் நல்ல மனிதர்தான். அடுத்த நாளே வந்து, மீனை ஒவ்வொன்றாகத் தனித்தனியே அரைத்து அளந்தால் எந்த எடைக்கு எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியும் என்று வழி சொல்லிக் கொடுத்தார். தம்பி அவரிடம் போய், "உங்க பட்டத்துல பாதி என் வலைதான் சார்" என்றதையும் பொறுத்துக்கொண்டார்.

ஜீப் டிரைவர் பல்வலியில் கிடக்க, நிலையத்து ஆள் என்றால் அக்கா ஒருத்திதான். இருபது வருடம் ஏரிக்கரையிலேயே வேலை பார்த்தவள். ஏரியில் கால்கூட நனைத்ததில்லை. மீனவன் வீட்டில் பிறந்து தண்ணீரென்றால் நடுங்குகிற பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். படகு கரையை விட்டுப் பத்தடி போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். இருபதடி போனதும் காலையில் சாப்பிட்டது வெளியே வந்துவிட்டது. ஒரு கையால் படகின் விளிம்பையும் இன்னொரு கையால் நோட்டையும் பிடித்துக்கொண்டு, "எடு, எல்லாத்தையும் எடு, ஒண்ணையும் விடாத" என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

பொடிசு, நடுத்தரம், பொடிசு, பெரிசு, பொடிசு என்று இருபத்தொன்பது ஆயிற்று. தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. முப்பதாவது மீனுக்கு வலையை இழுத்தான். வலை வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். படகே ஒரு பக்கம் சாய்ந்தது.

மேலே வந்த பல்லன் அவன் இடுப்பு உயரம் இருந்தது. அப்படி ஒரு மீனை அவனுடைய அப்பாகூடப் பார்த்ததில்லை. தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒரு நிமிஷம் அவன் முகம் பத்து வயதுப் பையன் முகமாகிவிட்டது. அடுத்த நிமிஷமே தொங்கிப்போயிற்று.

"அக்கா, வலை கிழிஞ்சிருந்தா இது போயிருக்கும், இல்ல?"

"கிழியல."

"கிழிக்கட்டுமா?"

கிழி என்று சொல்லிவிடத்தான் அவளுக்கு ஆசை. அந்த நடு ஏரியில், பதினைந்து வருடம் பதினைந்து வருடம் என்று மண்டைக்குள் ஒரே இரைச்சலாக இருக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணை எழுதாமல் விட அவள் ஆசைப்பட்டாள்.

"முப்பது. பெட்டியில போடு" என்றாள். அவன் போட்டான். ஒன்பது கிலோ இருநூறு.

முப்பது மீன், முப்பது டப்பா, ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். இரண்டு வாரம் ஆயிற்று. தம்பி நீச்சல் குளத்து வேலை முடிந்து நேரே வந்து நிலையத்து வாசலில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே வர மாட்டான். ஈயப் பெட்டிக் கதவை அவள் இடுப்பால் இடிக்கும் சத்தம் கேட்டால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பான். பொடிசுகள் ஐம்பத்திரண்டு, அறுபத்தொன்று என்று சொல்லின. நடுத்தரம் எண்பத்தெட்டு. மூன்று கிலோக்காரர்கள் நூற்று ஐம்பத்தைந்து. கடைசி நாள், கடைசி டப்பா, அந்த ராட்சசன். இருநூற்று நாற்பது.

சட்டம் கேட்பது முப்பதின் சராசரியைத்தான். அவள் கூட்டினாள், முப்பதால் வகுத்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூட்டினாள். வாசலுக்கு வந்தாள்.

"தொண்ணூத்தி ஒண்ணு."

தம்பி எழுந்து நின்றான். பதற்றத்தில் அவனுக்குக் கணக்கே மறந்துவிட்டது. "அது நூறுக்குக் கீழயா, மேலயா?"

"கீழடா!"

அவன் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகிறானா என்று அவள் எட்டிப் பார்த்தாள். அழுதுகொண்டுதான் இருந்தான். அவளும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தையற்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, நூறுக்கு மேலேதான் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மஞ்சள் பலகைகளைப் பிடுங்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அக்கா இன்னொரு வேலை செய்தாள். எந்த எடைக்கு எவ்வளவு என்பது இப்போது கையில் இருந்தது. பழைய நோட்டுகளில் எடை இருந்தது. ஒன்பது வருடக் கணக்கையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பார்த்து, நோட்டை மூடி, யாரிடமும் பேசாமல் இருந்தாள். ஆனால் தம்பி முட்டாளில்லை. படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"நான் ஒழுங்கா எல்லா மீனையும் குடுத்திருந்தா எப்பத் திறந்திருப்பாங்க?"

இந்த வருடம்தான் என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். அவள் சொல்லி அவன் நம்பாத எண் கிடையாது. அதனாலேயே அவளால் சொல்ல முடியவில்லை.

"ஆறு வருஷம் முன்னாடி" என்றாள்.

தம்பி பிரஷைக் கீழே வைத்தான். "எனக்கு நாப்பத்தி நாலு."

"ஆமா."

"ஆறு வருஷம் இலை பொறுக்கியிருக்கேன்."

"பாதித் தப்பு என்னோடது. விதியைப் படிச்சுக் காட்டாதது நான். எடையை எழுதிட்டு யோசிக்காதது நான். உன்மேல மட்டும் போட்டுட்டு நான் தப்பிச்சுக்க மாட்டேன்."

கோபமாக எழுந்து போய்விடுவான் என்று அவள் பயந்தாள். போனால் நியாயம்தான். அவன் தார் படிந்த விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டான்.

"பாதின்னா உன் பங்கு மூணு வருஷம்."

"ஆமா, மூணு."

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுற இல்ல? மூணு வருஷம் வந்து என்கூட வலை இழு."

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை. அவள் ஏரியைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது, நீச்சல் தெரியாது, படகென்றால் உயிர் போய் உயிர் வரும். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. சரியாக இருக்கிற கணக்கோடு அவள் என்றைக்கும் சண்டை போட்டதில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

ஓய்வுபெற்ற மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் படகில் ஏறினாள். தையற்காரர் தார்ப்பாயில் ஒரு கோட்டு தைத்துக் கொடுத்திருந்தார். பதினான்கு பை, எதற்கென்று அவருக்கே தெரியாது. "பத்திரமா கூட்டிட்டு வா மாப்பிள்ளை, வெங்காயம் நறுக்க நான் இருக்கேன், திட்டறதுக்கு ஆள் வேணும்" என்று கரையிலிருந்து கத்தினார். அக்கா முதல் வலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இரண்டாம் வலையில் கையில் கயிறு அறுத்தது. மூன்றாம் வலையில் பொடிசும் பெரிசுமாக மீன் துள்ளியது. தம்பியின் சட்டையெல்லாம் செதில். அவன் மேலே இருந்த குளோரின் வாடை போய்விட்டதா என்று அவள் மோந்து பார்த்தாள். இன்னும் போகவில்லை.

அவளுடைய வெளிறிய முகத்தைப் பார்த்துத் தம்பிக்கு இரக்கம் வந்துவிட்டது. "பரவாயில்லக்கா, மூணு வருஷத்துல ஒரு நாள் கழிஞ்சிடுச்சு" என்றான்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். "இன்னும் கழியலடா. மணி ஏழரைதான் ஆகுது. இழு."